டெட்ரிஸ் ஒப்பந்தமும் டான்கி காங் நாடாவும்: பழைய வீடியோ கேம்களின் வரலாற்றைச் சொல்லும் படங்களை எவ்வளவு நம்பலாம்?

2023 மார்ச் 31 அன்று ஆப்பிள் டிவி பிளஸில் 'டெட்ரிஸ்' படம் வெளியானது. பார்த்து முடித்ததும் இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. மாஸ்கோ தெருக்களில் ஒரு காரை இன்னொரு கார் விரட்ட, கதாநாயகன் விமான நிலையத்துக்குத் தப்பி ஓடியது உண்மையிலேயே நடந்ததா? கோடிக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள உரிமம், 'கம்ப்யூட்டர்' என்ற ஒரே சொல்லுக்கு ஒப்பந்தத்தில் கொடுத்த விளக்கத்தால் ஒருவர் கையைவிட்டு இன்னொருவர் கைக்குப் போனதா? முதல் கேள்விக்கு விடை, இல்லை என்பது. இரண்டாவதற்கு விடை, ஆம் என்பது. நம்பும்படி எடுக்கப்பட்ட காட்சி கற்பனையாகவும், நம்ப முடியாத செய்தி ஆவணத்தில் பதிவான உண்மையாகவும் இருப்பதுதான் இந்த வகைப் படங்களில் பார்ப்பவரைக் குழப்புகிறது.

வீடியோ கேம்களின் வரலாறு ஐம்பது சொச்சம் ஆண்டுகளே பழையது. அதை எழுதிய நூல்களைவிட அதைப் பற்றி எடுத்த படங்களைப் பார்த்தவர்களே மிக அதிகம். ஆகவே படத்தில் வந்ததே வரலாறு என்று நிலைத்துவிடுகிறது. அந்த வரலாற்றின் கீழே என்ன சான்று இருக்கிறது என்பதை மூன்று படங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஒன்றில் சான்று ஒரு காகிதம். ஒன்றில் ஒரு வீடியோ நாடா. ஒன்றில் ஒரு குப்பைமேடு.

முதலில், எது எந்த வகை

1. கதைப்படம்: நடிகர்கள் நடிப்பது, உண்மை நிகழ்ச்சியைத் தழுவியது. 'டெட்ரிஸ்' இந்த வகை. நாட்களைச் சுருக்கவும், ஆட்களை இணைக்கவும், துரத்தலைச் சேர்க்கவும் இதற்கு வழக்கப்படி இடமுண்டு.

2. ஆவணப்படம்: உண்மையான மனிதர்கள் கேமரா முன் பேசுவது. 2007-இல் வந்த 'தி கிங் ஆஃப் காங்: எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் குவார்ட்டர்ஸ்', 2014-இல் வந்த 'அட்டாரி: கேம் ஓவர்' ஆகியவை இதில் அடங்கும். இதில் வசனம் எழுதப்படுவதில்லை. ஆனால் எடுத்த பல நூறு மணி நேரக் காட்சிகளிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைப் பொறுக்கும் வேலை இருக்கிறது. அந்தப் பொறுக்கலும் ஒருவகையில் எழுத்துதான்.

3. தொடர்: நெட்ஃபிளிக்ஸில் 2020 ஆகஸ்டில் வந்த ஆறு பகுதி 'ஹை ஸ்கோர்' போன்றவை.

4. விளையாடக்கூடிய ஆவணம்: 2022-க்குப் பிறகு பரவிய புதிய வடிவம். பேட்டி, பழைய கடிதம், வரைபடம், மூல ஆட்டம் எல்லாம் ஒரே காலக்கோட்டில் அடுக்கப்பட்டிருக்கும். ஆட்டத்தைப் பற்றிக் கேட்ட அடுத்த நிமிடமே அதை ஆடிப் பார்க்கலாம். இதைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

டெட்ரிஸ்: அடைப்புக்குறிகளில் பிறந்த ஆட்டம்

அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் அகாதமியின் கணினி மையத்தில் பணியாற்றினார். மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்கும் ஆட்டமான டெட்ரிஸை அவர் எழுதிய எலெக்ட்ரோனிகா 60 என்ற இயந்திரத்தால் படம் வரைய முடியாது. எழுத்துகளை மட்டுமே காட்ட முடியும். ஆகவே விழும் கட்டங்களை அவர் சதுர அடைப்புக்குறிகளை அருகருகே வைத்து அமைத்தார். நான்கு சதுரங்களை ஒட்டவைத்தால் கிடைக்கும் வடிவங்கள் ஏழு. அந்த ஏழும்தான் ஆட்டம் முழுவதும். பின்னர் வாதிம் கெராசிமோவ் என்ற 16 வயது மாணவர், திமித்ரி பாவ்லோவ்ஸ்கியுடன் சேர்ந்து, ஐபிஎம் கணினியில் இயங்கும் வண்ண வடிவத்தை உருவாக்க உதவினார். அது நெகிழ்வட்டுகளில் கைக்குக் கை நகலாகி நாட்டெல்லையையும் தாண்டியது.

அன்றைய சோவியத் சட்ட நடைமுறையில், நிரலை எழுதியவர் அதைத் தன் பெயரில் வெளிநாட்டில் விற்க வழியில்லை. பஜித்னோவ் தம் உரிமையைப் பத்தாண்டுகளுக்குக் கணினி மையத்துக்கு விட்டுக்கொடுத்தார். வெளிநாட்டு விற்பனையை 'எலோர்க்' என்ற அரசு நிறுவனம் கையில் எடுத்தது. படத்தில் வரும் பேரங்கள் எல்லாம் இந்த எலோர்க்கின் அறைகளில் நடப்பவை.

உரிமம் எப்படிச் சிக்கலானது

சிக்கலைப் புரிந்துகொள்ள, உரிமம், துணை உரிமம் ஆகிய இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உடைமையாளர் ஒருவருக்கு விற்கும் அனுமதி தருவது உரிமம். அந்த அனுமதியின் ஒரு பகுதியை அவர் இன்னொருவருக்குக் கைமாற்றுவது துணை உரிமம். தன்னிடம் இல்லாத ஒன்றைத் துணை உரிமமாகத் தர யாராலும் முடியாது. டெட்ரிஸ் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிரானது.

1. லண்டனில் மென்பொருள் வணிகம் செய்துவந்த ராபர்ட் ஸ்டைன், 1986-இல் ஹங்கேரியில் டெட்ரிஸைப் பார்த்தார். மாஸ்கோவுக்கு டெலக்ஸ் என்ற தொலைதட்டச்சுச் செய்தி அனுப்பினார். வந்த பதில் ஆர்வம் காட்டியது. அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

2. கையெழுத்தான ஒப்பந்தம் கைக்கு வருமுன்பே பிரிட்டனில் மிர்ரர்சாஃப்டுக்கும் அமெரிக்காவில் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட்டுக்கும் உரிமத்தைக் கைமாற்றினார். மிர்ரர்சாஃப்ட், பத்திரிகை அதிபர் ராபர்ட் மாக்ஸ்வெல்லின் குழுமத்தைச் சேர்ந்தது.

3. மிர்ரர்சாஃப்டிடமிருந்து அட்டாரி கேம்ஸ் நிறுவனத்துக்கும், அதன் துணை நிறுவனமான டெங்கெனுக்கும், அங்கிருந்து ஜப்பானில் ஹென்க் ரோஜர்ஸின் நிறுவனத்துக்கும் என்று சங்கிலி நீண்டது. மூலக் கண்ணியில் இருந்தது கணினிக்கான உரிமை மட்டுமே. கடைசிக் கண்ணியில் தொலைக்காட்சியோடு இணைக்கும் கேம் இயந்திரத்துக்கான கேட்ரிட்ஜ்கள், அதாவது ஆட்டம் அடங்கிய செருகு பெட்டிகள், விற்பனையாகிக்கொண்டிருந்தன.

ரோஜர்ஸ் டச்சு நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, ஜப்பானில் தொழில் செய்தவர். ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோ வெளியிடவிருந்த கையடக்க 'கேம் பாய்' கருவியோடு டெட்ரிஸைச் சேர்த்து விற்கலாம் என்று கணக்கிட்டு, 1989 பிப்ரவரியில் சுற்றுலா விசாவில் மாஸ்கோ போனார். அழைப்பில்லாமல் எலோர்க் கதவைத் தட்டினார். தன் உரிமை சரியானது என்று காட்ட, ஜப்பானில் தாம் விற்றுவந்த கேட்ரிட்ஜை எடுத்து மேசைமேல் வைத்தார். எலோர்க்கின் நிகோலாய் பெலிகோவ் அதிர்ந்துபோனார்; கேம் இயந்திரத்துக்கான உரிமையைத் தாங்கள் யாருக்குமே கொடுக்கவில்லை என்றார். அதே வாரம் ஸ்டைனும் மாக்ஸ்வெல்லின் மகன் கெவினும் தனித்தனியே அதே கட்டடத்துக்கு வந்துபோனார்கள். இவ்வளவும் நடந்தவை. படக்கதைக்காக யாரும் இட்டுக்கட்டியிருந்தால் மிகையென்று ஒதுக்கியிருப்போம்.

பெலிகோவ் அப்போது செய்ததுதான் இந்தக் கதையின் மையம். ஸ்டைனோடு இருந்த பழைய ஒப்பந்தத்துக்கு ஒரு திருத்தம் தயாரித்தார். அதில் 'கம்ப்யூட்டர்' என்றால் செயலி, திரை, வட்டு இயக்கி, விசைப்பலகை, இயங்குதளம் ஆகியவை கொண்ட கருவி என்று விளக்கம் சேர்த்தார். ஸ்டைனின் கவனம் பணம் செலுத்தும் நிபந்தனைகளில் இருந்தது. அவர் கையெழுத்திட்டார். நின்டெண்டோ இயந்திரத்தில் விசைப்பலகையும் இல்லை, வட்டு இயக்கியும் இல்லை. ஒரே கையெழுத்தில், ஸ்டைனிடமிருந்து கீழே இறங்கிய எல்லாக் கேம் இயந்திர உரிமைகளும் வேரற்றுப்போயின. கையடக்கக் கருவிக்கான உரிமை ரோஜர்ஸுக்குக் கிடைத்தது. மார்ச் மாதத்தில் நின்டெண்டோவின் மினோரு அரகாவாவும் ஹோவர்ட் லிங்கனும் மாஸ்கோவுக்கே வந்து, தொலைக்காட்சியில் இணைக்கும் இயந்திரத்துக்கான உரிமையையும் பெற்றுக்கொண்டார்கள்.

விளைவு நீதிமன்றத்தில் தெரிந்தது. 1989 ஜூன் 21 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி ஃபெர்ன் ஸ்மித் டெங்கெனின் டெட்ரிஸுக்கு இடைக்காலத் தடை விதித்தார். கடைக்கு வந்து ஒரு மாதம்கூட நன்றாக ஓடாத கேட்ரிட்ஜ்கள் திரும்பப் பெறப்பட்டன. ஜூலை 31-இல் அமெரிக்காவில் கேம் பாய் டெட்ரிஸோடு வெளியானது. அந்த வடிவம் மட்டும் சுமார் 3.5 கோடிப் பிரதிகள் விற்றது. பஜித்னோவுக்குத் தம் ஆட்டத்திலிருந்து உரிமத்தொகை வரத் தொடங்கியது 1996-இல், பத்தாண்டு முடிந்து, ரோஜர்ஸோடு சேர்ந்து டெட்ரிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகுதான்.

படம் எதைச் சேர்த்தது, எதை விட்டது

ஜான் எஸ். பெயர்டு இயக்கிய படம் மேலே சொன்ன சங்கிலியை ஏறக்குறையச் சரியாகவே பின்பற்றுகிறது. ஒரே கட்டடத்தின் தனித்தனி அறைகளில் மூன்று பேர் காத்திருப்பதும், கேட்ரிட்ஜ் மேசைமேல் வருவதும், சொல் விளக்கமும் எல்லாம் இருக்கின்றன. கார்த்துரத்தல் கற்பனை என்பதை ரோஜர்ஸும் பஜித்னோவும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். மாஸ்கோவாகக் காட்டப்படும் இடங்களில் பல ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் அபர்தீனிலும் எடுத்தவை.

கற்பனையைச் சேர்த்ததைவிட, எடையை மாற்றியதுதான் பெரிய குறை. படம் ரோஜர்ஸின் துணிச்சலை நடுவில் வைக்கிறது. உண்மையில் ஆட்டத்தின் போக்கை மாற்றியவர், மேற்கத்திய வணிகப் பழக்கம் எதுவும் கற்றிராமல், தன் முன்னே இருந்த பழைய ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து ஓட்டையைக் கண்டுபிடித்த பெலிகோவ். 2004-இல் பிபிசி எடுத்த டெட்ரிஸ் ஆவணப்படத்தில் பெலிகோவ், ஸ்டைன் இருவரும் தங்கள் வாயாலேயே அந்த வாரத்தைச் சொல்கிறார்கள். கதைப்படத்தைப் பார்த்தவர்கள் அதையும் தேடிப் பார்ப்பது நல்லது. துரத்தல் இல்லாமலேயே அது பரபரப்பாக இருக்கிறது.

டான்கி காங்: 22-ஆம் கட்டத்தில் நிற்கும் ஆட்டம்

அடுத்த படத்துக்குப் போகுமுன் ஒரு தொழில்நுட்ப விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1981-இல் வந்த டான்கி காங் என்ற, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரம், எவ்வளவு திறமையாக ஆடினாலும் 22-ஆம் லெவலில் முடிந்துவிடும். ஒவ்வொரு லெவலுக்கும் தரவேண்டிய நேரத்தை இயந்திரம் கணக்கிடும் முறை இது: லெவல் எண்ணோடு 4-ஐக் கூட்டி 10-ஆல் பெருக்க வேண்டும். 22-ஆம் லெவலில் விடை 260. இயந்திரத்தின் 8 பிட் நினைவகத்தில் ஓர் எண்ணுக்கு உச்சவரம்பு 255. அதைத் தாண்டினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். 260-இல் 256 கழிந்து 4 மிஞ்சும். நேரத்தைக் காட்டும் போனஸ் எண், அதன் நூறு மடங்காக, திரையில் 400 என்று தெரியும். ஏணி ஏறி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து, மரியோ நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவான்.

எல்லோருக்கும் ஆட்டம் ஒரே இடத்தில் முடிவதால், அந்த இடத்துக்கு வருமுன் யார் அதிகப் புள்ளிகளைக் கறந்தார் என்பதே போட்டி. 10 லட்சம் புள்ளி என்ற எல்லை அவ்வளவு பேசப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

சேத் கார்டன் இயக்கிய 'தி கிங் ஆஃப் காங்' இந்தப் போட்டியைச் சொல்கிறது. ஒரு பக்கம் புளோரிடாவின் பில்லி மிட்செல். 1982-இல் ஐயோவா மாநிலத்தின் ஒட்டும்வா நகரில் 'லைஃப்' இதழ் திரட்டிய ஆட்டக்காரர் கூட்டத்தில் 8,74,300 எடுத்தவர். மறுபக்கம் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவ் வீபி. வேலை இழந்து, கார் நிறுத்தும் அறையில் இயந்திரத்தை வைத்துப் பயின்று, பின்னர் அறிவியல் ஆசிரியரானவர். பதிவேடு வைத்திருந்தது ட்வின் கேலக்சீஸ் என்ற அமைப்பு. வீபி நாடாவில் அனுப்பிய ஸ்கோரை, அவருடைய இயந்திரத்தின் சர்க்யூட் போர்டு பற்றி ஐயம் எழுப்பி அமைப்பு ஏற்க மறுக்கிறது. அவர் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஃபன்ஸ்பாட் ஆர்கேடுக்கு நேரில் போய், எல்லோர் முன்னிலையிலும் 9,85,600 எடுக்கிறார். உடனே மிட்செல் தரப்பிலிருந்து ஒரு வீடியோ நாடா வந்து சேர்கிறது. அதில் 10,47,200. நேரில் ஆடியவர் தோற்க, நாடா ஜெயிக்கிறது. பார்ப்பவர் மனம் வீபியின் பக்கம் முழுவதுமாகச் சாய்கிறது.

படத்தின் எடிட்டிங் எங்கே வரலாற்றை மாற்றியது என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டு போதும். மிட்செலின் 1982 ஸ்கோரை வீபி வந்து முறியடிக்கும்வரை யாரும் தொடவில்லை என்ற எண்ணத்தையே படம் தருகிறது. ஆனால் 2000-இல் டிம் ஸெர்பி என்ற ஆட்டக்காரர் 8,79,200 எடுத்து அதை ஏற்கெனவே முறியடித்திருந்தார். அவர் பெயரே படத்தில் இல்லை. மூன்றாவது ஒருவர் வந்தால் இருவர் மோதும் கதை சிதறிவிடும். ஆகவே ஒரு மனிதரின் சாதனை கதையின் வசதிக்காக நீக்கப்பட்டது. எந்தப் பொய்யும் சொல்லாமல், ஒரு பெயரைச் சொல்லாமல் விடுவதாலேயே ஆவணப்படம் தவறான வரலாற்றைத் தந்துவிட முடியும்.

2007 ஜனவரியில் அமெரிக்காவின் பார்க் சிட்டி நகரில் ஸ்லாம்டான்ஸ் விழாவில் இந்தப் படம் திரையிடப்பட்டபோது, அதே நகரில் சன்டான்ஸ் விழாவில் 'சேசிங் கோஸ்ட்ஸ்: பியாண்ட் தி ஆர்கேட்' என்ற இன்னொரு படம் திரையிடப்பட்டது. அதே ஒட்டும்வா கூட்டம், அதே முகங்கள், மிட்செலும் உண்டு. ஆனால் அதில் வில்லன் இல்லை. மக்கள் நினைவில் நின்றது மோதல் இருந்த படம்தான்.

11 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த நாடா

படத்தின் முக்கியத்துவம் 2018-இல் எதிர்பாராத விதத்தில் கூடியது. நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

1. 2018 பிப்ரவரியில், மிட்செலின் பழைய நாடாக்களை நுணுக்கமாக ஆராய்ந்த ஓர் ஆட்டக்காரர், அவை அசல் ஆர்கேட் இயந்திரத்தில் பதிவானவை அல்ல என்று புகார் எழுப்பினார். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தோன்றும் நொடியில், அசல் போர்டு புதிய படத்தை ஒரு கதவு நகர்வதுபோல ஓரத்திலிருந்து விரித்துக்காட்டும். கணினியில் அந்த இயந்திரத்தைப் போலி செய்யும் எமுலேட்டர் நிரலோ துண்டு துண்டாகக் கொண்டுவந்து காட்டும். நாடாவில் இருப்பது இரண்டாவது வகை என்பது அவர் வாதம்.

2. ஏப்ரல் 12 அன்று ட்வின் கேலக்சீஸ், 10,47,200 உள்ளிட்ட ஸ்கோர்கள் மாற்றப்படாத அசல் போர்டில் எடுத்தவை அல்ல என்று முடிவுசெய்து, மிட்செலின் எல்லாப் பதிவுகளையும் நீக்கியது. 10 லட்சத்தை முதலில் தாண்டியவர் வீபி என்று அறிவித்தது. கின்னஸும் அவர் பதிவுகளை விலக்கியது.

3. மிட்செல் குற்றச்சாட்டைத் தொடர்ந்து மறுத்துவருகிறார். 2020 ஜூனில் கின்னஸ் தன் முடிவை மாற்றி அவர் பதிவுகளை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

4. ட்வின் கேலக்சீஸ்மீது அவர் தொடுத்த அவதூறு வழக்கு 2024 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. பழைய பதிவேட்டின் ஆவணக் காப்பகத்தில் அவர் ஸ்கோர்கள் இடம்பெற்றன. நடப்புத் தரவரிசையில் இடம்பெறவில்லை. பழைய இயந்திரத்தின் பாகங்கள் தேய்ந்திருந்தாலும் நாடாவில் அத்தகைய தோற்றம் வரக்கூடும் என்பது மிட்செல் தரப்பு நிபுணரின் கருத்து.

இந்த வரிசையில் தனித்து நிற்பது ஒன்று. படத்தில் வீபியிடம் கேட்ட அதே கேள்வியே, 'இது எந்த போர்டில் ஓடியது' என்பதே, மிட்செலின் நாடாவுக்கும் திரும்பியது. திரைப்படக் குழு அந்த நாடா காட்டப்பட்ட நாளைப் படம்பிடித்ததால்தான் அந்தக் கேள்வியை உலகம் அறிந்தது. படம் தவறவிட்டதும் உண்டு. படம் இல்லையென்றால் யாரும் பார்த்திருக்க மாட்டாத ஒன்றைக் காப்பாற்றியதும் உண்டு.

குப்பைமேட்டைத் தோண்டிய படம்

அமெரிக்க வீடியோ கேம் நிறுவனமான அட்டாரியின் கதை எளிமையானது. 1982-இல் 'ஈ.டி.' படத்தைத் தழுவிய ஆட்டத்தை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஐந்து வாரங்களில் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் விற்பனை காத்திருந்தது. தயாரித்த பிரதிகளில் பெரும்பகுதி விற்காமல் தேங்கியது. 1983 செப்டம்பரில், டெக்சாஸின் எல் பாசோ நகரிலிருந்த கிடங்கிலிருந்து லாரி லாரியாகச் சரக்கு நியூ மெக்சிகோவின் அலமகார்டோ குப்பைமேட்டுக்கு வந்து புதைக்கப்பட்டது. மேலே கான்கிரீட் ஊற்றப்பட்டது. 'நியூயார்க் டைம்ஸ்' அப்போதே செய்தி வெளியிட்டிருந்தும், முப்பது ஆண்டுகளில் அது 'லட்சக்கணக்கான ஈ.டி. கேட்ரிட்ஜ்களின் சமாதி' என்ற கட்டுக்கதையாக ஊதிப்பெருத்தது. அப்படியொன்று நடக்கவேயில்லை என்று மறுப்பவர்களும் இருந்தார்கள்.

ஸாக் பென் இயக்கிய 'அட்டாரி: கேம் ஓவர்' குழு, 2014 ஏப்ரல் 26 அன்று, பொதுமக்கள் சூழ்ந்து நிற்க, அந்த மேட்டைத் தோண்டியது. மண்காற்று சுழன்றடிக்க, எந்திரக்கை அள்ளிய குவியலிலிருந்து நசுங்கிய ஒரு பெட்டி வெளியே வந்தது. வெளியே எடுத்தவை சுமார் 1,300 கேட்ரிட்ஜ்கள். அவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் ஈ.டி.; மற்றவை 'சென்டிபீட்' போல நன்றாக விற்ற ஆட்டங்களும்கூட. புதைத்தவை மொத்தம் 7 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது அன்று அந்தப் பணியை மேற்பார்த்த அட்டாரி அதிகாரியின் கணக்கு.

இதன் பொருள் பெரிது. மோசமான ஒரே ஆட்டம் ஒரு தொழிலையே கவிழ்த்தது என்ற கதை நிலைக்கவில்லை. கிடங்கு முழுவதும் தேங்கிய சரக்கு, திரும்பி வந்த சரக்கு, எல்லாத் தலைப்பும் கலந்த சரக்கு அங்கே கிடந்தது. சந்தையில் தேவைக்கு மேல் ஆட்டங்கள் குவிந்ததே 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் தொழில் கண்ட சரிவின் காரணம் என்ற பொருளியல் விளக்கத்துக்கு அந்தக் குழி ஒத்துப்போகிறது. ஆவணப்படம் இங்கே சான்றைத் தேடிப் போய்த் தானே எடுத்தது. அதனாலேயே மூன்றிலும் இதன் முடிவு மிக உறுதியாக நிற்கிறது. தோண்டும் இடத்துக்கு வந்திருந்த வார்ஷாவின் கண்கள் கலங்கும் காட்சியை, முப்பது ஆண்டுப் பழியிலிருந்து ஒரு மனிதர் விடுபடும் தருணமாகவே பார்க்கத் தோன்றுகிறது.

யார் பேசுகிறார்கள், எப்போது பேசுகிறார்கள்

பேட்டியை நம்பி எடுத்த எந்தப் படத்துக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. உயிரோடிருந்து பேச ஒப்புக்கொண்டவர்கள் மட்டுமே வரலாற்றில் இடம்பெறுவது முதல் எல்லை. 'ஹை ஸ்கோர்' தொடர் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. 1976-இல் கேட்ரிட்ஜை மாற்றிப் போடும் ஃபேர்சைல்டு இயந்திரத்தை உருவாக்கிய பொறியாளர் ஜெர்ரி லாசன் 2011-இல் மறைந்துவிட்டதால், அவர் பிள்ளைகளைப் பேச வைத்தது. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தைத் தந்த தொமோஹிரோ நிஷிகாதோவும் அதில் வருகிறார். எதிரிகள் குறையக் குறைய வரைய வேண்டிய உருவங்கள் குறைந்து செயலி வேகமெடுத்ததையே ஆட்டத்தின் விறுவிறுப்பாக அவர் விட்டுவைத்தார் என்பது எத்தனை முறை கேட்டாலும் வியப்பூட்டுவது.

படம் முடிந்த நாளோடு அதன் அறிவும் உறைந்துவிடுவது இரண்டாவது எல்லை. 2010-இல் லாஸ் ஏஞ்சலீசில் நடந்த முதல் டெட்ரிஸ் உலகப் போட்டியை 'எக்ஸ்டசி ஆஃப் ஆர்டர்' 2011-இல் காட்டியபோது, நின்டெண்டோ டெட்ரிஸின் 29-ஆம் லெவலே மனிதக் கைகளின் எல்லையாகக் கருதப்பட்டது. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் லெவலுக்குப் போனான். அங்கே மனிதன் ஓயவில்லை, நிரலே உறைந்து நின்றது.

விளையாட முடியாத வரலாறு

படத்தைப் பார்த்தபின் அந்த ஆட்டத்தையே ஆடிப் பார்க்கலாம் என்றால் அதற்குப் பெரும்பாலும் வழியில்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து ஆட அனுமதிக்கலாமா என்ற கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. ஒரு நாவலைப் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்தவர் நூலகத்தில் அந்த நாவலை எடுத்துப் படித்து, படம் சொன்னது சரியா என்று தானே தீர்மானிக்கலாம். வீடியோ கேம் விஷயத்தில் அந்தச் சோதனைக்கு வாய்ப்பில்லாமல், படத்தின் சொல்லையே ஏற்க வேண்டியிருக்கிறது.

டிஜிட்டல் எக்லிப்ஸ் என்ற நிறுவனம் இதற்குக் கண்ட வழிதான் விளையாடக்கூடிய ஆவணம். 2022-இல் அட்டாரியின் ஐம்பதாண்டு வரலாற்றை இப்படித் தொகுத்தது. 2023-இல் ஜோர்டன் மெக்னரின் 'கராத்தேகா' ஆட்டம் உருவான விதத்தைத் தந்தது. அதில் கல்லூரி மாணவராக இருந்த மெக்னரின் கையெழுத்துக் குறிப்புகள், வெளியீட்டாளரோடு நடந்த கடிதப் போக்குவரத்து, கராத்தே அசைவுகளை எடுத்த சிறு பிலிம் சுருள், கைவிட்ட முன்வடிவங்கள் எல்லாவற்றையும் பார்த்து, அந்த முன்வடிவங்களை ஆடியும் பார்க்கலாம். இயக்குநர் தேர்ந்தெடுத்ததை மட்டும் பார்க்கும் நிலையிலிருந்து, சான்றை நாமே புரட்டிப் பார்க்கும் நிலைக்கு இது கொண்டுபோகிறது. இந்தத் துறையில் நடந்தவற்றுள் மிக நல்ல மாற்றம் இது என்றே சொல்ல வேண்டும்.

2024 நவம்பரில் அதே நிறுவனம் 'டெட்ரிஸ் ஃபாரெவர்' என்ற தொகுப்பை வெளியிட்டது. எலெக்ட்ரோனிகா 60-இல் ஓடிய அடைப்புக்குறி டெட்ரிஸின் மறுவுருவாக்கம் அதில் இருக்கிறது. ரோஜர்ஸும் பஜித்னோவும் 1989 பிப்ரவரி வாரத்தை நீளமாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாரம் யாருக்காக நடந்ததோ அந்த கேம் பாய் டெட்ரிஸ் அதில் இல்லை. அந்த வடிவம் நின்டெண்டோவின் உடைமை என்பதால், அதை ஆட விரும்புபவர் நின்டெண்டோவின் கருவியைத்தான் தேட வேண்டும்.